விளக்கு மாட்டும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

வைப்பினிலும் மட்டாஞ்சேரியிலும் தோப்பும்படியிலும் வயரிங் வேலை பார்க்கும் தம்பிமாருக்கு,

உங்களில் பலர் நாகர்கோவில், தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்கிறீர்கள். சிலர் என்னைப்போல இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். நான் கொச்சியை ஒட்டிய வைப்பின் தீவில் ரேடியோ பழுது பார்ப்பவன். வீட்டு ரேடியோ, கோயில் மைக் செட், படகில் வைக்கும் வயர்லெஸ் செட் என்று எது வந்தாலும் திறந்து பார்ப்பேன். என் மேசைக்கு வரும் ரேடியோக்களில் நல்ல பங்குக்குக் கோளாறே கிடையாது. "சாயந்தரம் ஆனா ஒரே இரைச்சல் அண்ணே, ஸ்டேஷனே கேட்கலை" என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என் மேசையில் வைத்துப் போட்டால் சுத்தமாகப் பாடுகிறது. திருப்பி எடுத்துக்கொண்டு போனால் வீட்டில் மறுபடியும் கரகரப்பு. கோளாறு அந்த வீட்டின் கூரையில் எரியும் விளக்கில் இருக்கிறது. அதை மாட்டியவர் உங்களில் ஒருவராக இருப்பார் என்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு கேள்வி கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும். "கரண்ட் போகும்போது ரேடியோ எப்படிக் கேட்கிறது?" என்று கேட்பேன். பேட்டரியில் ஓடும் ரேடியோவாக இருந்தால், "அப்போ மட்டும் நல்லா கேட்குது" என்பார்கள். தெரு முழுக்க விளக்கு அணைந்ததும் திருச்சூர் நிலையம் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோலத் தெளிகிறது. கரண்ட் வந்ததும் மறுபடி அமுங்கிப்போகிறது.

குண்டு பல்பு எரிந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. சுருள் கம்பி சூடாகிச் சிவந்து எரிவதில் ரேடியோவைத் தொந்தரவு செய்ய எதுவும் கிடையாது. எல்.இ.டி.யின் கதை வேறு. வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 சைக்கிள் மாறுமின்சாரம். எல்.இ.டி. சில்லுக்கு வேண்டியது அளவான நேர்மின்சாரம். இரண்டுக்கும் நடுவே பல்பின் கழுத்துக்குள் உட்கார்ந்திருக்கும் டிரைவர் சர்க்யூட், மின்சாரத்தை முதலில் நேராக்கி, பிறகு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. 50 கிலோஹெர்ட்ஸில் வெட்டினால் 100, 150, 200 என்று அதன் மடங்குகளிலும் சத்தம் கிளம்பும். வெட்டு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு தூரம் அந்த மடங்குகள் ஏறும். மீடியம் வேவ் தொடங்குவதே 530 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில்தான். மடங்குகள் அதைத் தாண்டி ஷார்ட் வேவுக்குப் போகும். மோசமான சரக்காக இருந்தால் எஃப்.எம்., வி.எச்.எஃப். வரைக்கும் போகும். பல்பு கையளவுதான். ஆனால் அந்தச் சத்தம் ஃபேஸ், நியூட்ரல் கம்பிகளில் இறங்கி வீடு முழுக்கப் பரவுகிறது. சுவருக்குள் நீங்கள் இழுத்து வைத்திருக்கும் வயரிங் முழுவதும் அதற்கு ஏரியலாகிவிடுகிறது.

இதைத் தடுக்கும் வழியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சின்னக் காயிலும் ஒரு பெட்டிக் கண்டன்சரும் வைத்தால் போதும், சத்தத்தில் பெரும்பகுதி பல்புக்குள்ளேயே நின்றுவிடும். விலை குறைந்த பல்பு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். நேராக்கும் பிரிட்ஜ், ஒரு எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர், ஒரு ஐ.சி., ஒரு காயில், அவ்வளவுதான் இருக்கும். ஃபில்டருக்குப் பலகையில் இடம் விட்டிருப்பார்கள், அதில் பொருள் இருக்காது. சில ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக விட்ட இடம் அது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஏனென்றால் நம் தொழில் இப்படிப்பட்டதாக இருந்ததில்லை. டியூப்லைட் ஸ்டார்ட்டரை உடைத்துப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குமிழோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்னக் கண்டன்சர் இருக்கும். அது இல்லாமலும் டியூப் எரியும். எரிவதற்காக அதை வைக்கவில்லை. ஸ்டார்ட்டர் தட்டும்போது பக்கத்து ரேடியோவில் சத்தம் வரக்கூடாது என்று வைத்தார்கள். அத்தனை மலிவான பொருளிலும், அடுத்தவர் ரேடியோவை மனதில் வைத்து ஒரு உறுப்பைச் சேர்த்த காலம் அது. வானொலி இடையூறுக்கு வரம்பு கட்டுவதற்கென்றே 1934-ல் பாரிஸில் நாடுகள் கூடி சிஸ்பர் என்ற குழுவைத் தொடங்கின. விளக்குகளுக்கான அதன் தரம் சிஸ்பர் 15. ஒரு விளக்கு எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் கம்பி வழியாக விடலாம், எவ்வளவு காற்றில் விடலாம் என்று அளவு குறித்துவைத்திருக்கிறது.

நம் நாட்டில் எல்.இ.டி. பல்புக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணை அட்டைப் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பதிவு ஐ.எஸ். 16102-ன் முதல் பகுதியை, அதாவது பாதுகாப்புத் தரத்தை ஒட்டியது. ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது, ஹோல்டரில் சரியாகப் பொருந்தும் என்பவைதான் அதன் அக்கறை. ரேடியோவுக்குத் தொல்லை தருமா என்பது வேறு தரத்தின் கேள்வி. ஆகவே பதிவு எண் இருப்பதால் மட்டும் அந்தப் பல்பு ரேடியோவுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியில் சிஸ்பர் 15 என்றோ இ.என். 55015 என்றோ அச்சடித்திருந்தால் தயாரித்தவருக்கு இந்த அக்கறையும் இருந்தது என்று அர்த்தம்.

எல்.இ.டி. வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் தொடங்கிய பிறகு நாடு முழுக்க 36 கோடிக்கும் மேலான பல்புகள் போய்ச் சேர்ந்தன. 2014-ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. கேரளத்தில் மின்வாரியமே 2021 ஜனவரியில் குண்டு பல்பு இல்லாத கேரளம் என்று தொடங்கி வீடு வீடாக 9 வாட் பல்பு கொடுத்தது. 60 வாட் எரிந்த இடத்தில் 9 வாட் எரிகிறது. மீன் விற்று வரும் காசில் கரண்ட் பில் கட்டும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். என் கடையிலும் எல்.இ.டி.தான். சத்தம் போடாத எல்.இ.டி. கிடைக்கும்போது சத்தம் போடுவதை ஏன் மாட்ட வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

"இப்போது யார் அண்ணே ரேடியோ கேட்கிறார்கள்?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இந்தக் கரையில் கேட்கிறார்கள், தம்பி. மீடியம் வேவுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நிலத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாக. அதனால் தரையில் தேய்ந்துபோகும் அலை கடல்மேல் வெகுதூரம் போய்ச் சேர்கிறது. ஆலப்புழை 576, திருச்சூர் 630, தூத்துக்குடி 1053, திருநெல்வேலி 1197 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்களைப் பழைய படகோட்டிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இப்போது மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். மிச்சமிருக்கும் நிலையம் தூரத்தில் இருக்கும். தூரத்திலிருந்து வரும் அலை மெலிந்து வரும். மெலிந்த அலையை மூழ்கடிக்க ஒரு பல்பு போதும். ராத்திரியில் தூத்துக்குடி நிலையத்தைப் பிடித்துத் தமிழ் கேட்க உட்காரும் பெரியவர்கள் இந்தத் தீவில் இருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் செல்போனில் மூழ்கியிருக்கும் நேரத்தில் அவர்களுக்கு ஊரோடு இருக்கும் பேச்சு அதுதான்.

வீட்டு ரேடியோவைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. தோப்பும்படித் துறைமுகத்திலும் முனம்பத்திலும் கட்டியிருக்கும் ஆழ்கடல் படகுகளில் எத்தனை படகுகளின் ஆட்கள் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலருக்கு அவர்கள் மாமன் மச்சான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக மாறியபோது அவர்களில் பலர் நாட்கணக்கில் முன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள். கரையிலிருந்து வி.எச்.எஃப். செட்டில் கூப்பிட்டால் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். எச்சரிக்கை போய்ச் சேராமல் எத்தனை வீடுகள் ஆண்பிள்ளை இல்லாமல் ஆயின என்பதை அந்த ஊர்களுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தச் சாவுகளுக்கு விளக்குகளைக் காரணம் காட்டவில்லை, அப்படிச் சொல்வது பொய்யாகும். கடலில் இருப்பவனுக்கும் கரைக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய அலை மட்டும்தான் என்பதை அந்த நாள் எனக்குக் காட்டியது. அதன் பிறகு, தடுக்கக்கூடிய ஒரு சத்தத்தைத் தடுக்காமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இந்தத் தீவில் மறக்கக்கூடிய நாளா? எடவனக்காட்டில் கடல் ஏறி உயிர்களைக் கொண்டுபோனது. அதே காலையில் அந்தமானில் போன் இணைப்புகள் அறுந்துபோக, போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் ஹாம் என்னும் அமெச்சூர் ரேடியோ நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவும் வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அடையாளத்தில் தீவுகளின் நிலையை வெளி உலகுக்குச் சொன்னார்கள். அதுபோன்ற பேச்சு ஷார்ட் வேவில் நடக்கிறது. எதிர்முனையில் ஒருவர் தன் வீட்டில் காதில் ஹெட்போன் வைத்துக்கொண்டு மிக மெல்லிய குரலைப் பிடித்தாக வேண்டும். அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஃபில்டர் இல்லாத பல்பு எரிந்தால் அந்தக் குரல் அவருக்கு வராது.

ரேடியோவோடு முடிந்துவிடுகிறதா என்றால் அதுவும் இல்லை. கேட்டைத் திறக்கும் ரிமோட் பக்கத்தில் வந்து நின்றால்தான் வேலை செய்கிறது என்று உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள். கேட் தூணில் ரிசீவருக்குப் பக்கத்திலேயே புது எல்.இ.டி. போட்டிருந்தால் முதலில் அதை அணைத்துவிட்டு ரிமோட்டை அமுக்கிப் பாருங்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்து டியூப்லைட்டுகள் 700 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலைவரிசையையே கெடுத்தன. 2014-ல் அந்த நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் கட்டட உரிமையாளருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தது. நம் நாட்டிலும் இடையூறைத் தேடிப் பிடிக்க வயர்லெஸ் மானிட்டரிங் ஆர்கனைசேஷன் என்று ஒரு மத்திய அமைப்பு 1952 முதல் இருக்கிறது. ஆனால் வைப்பினின் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு பல்பைத் தேடி அவர்கள் வர முடியாது. அந்தச் சந்தில் ஏணியோடு நிற்பவர் நீங்கள்.

இனி வேலை விஷயம். பேட்டரியில் ஓடும், ஏ.எம். பிடிக்கும் ஒரு சின்ன ரேடியோவை டெஸ்டரோடு பையில் வைத்துக்கொள்ளுங்கள். மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். பல்பை எரியவிட்டு ரேடியோவைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒட்டிப் பிடித்தால் எந்த எல்.இ.டி.யும் கொஞ்சம் கத்தும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு கை நீளம் விலகியதும் அடங்கினால் நல்ல சரக்கு. அறையின் மறுமூலைக்குப் போனாலும், சுவிட்ச்போர்டின் பக்கத்தில் வைத்தாலும் கத்துகிறது என்றால் அதை மாட்டாதீர்கள். கடையில் வாங்கும்போதே இப்படிப் பார்த்து வாங்கலாம். கடைக்காரர் முதல் முறை முறைப்பார், அடுத்த முறை அவரே சத்தமில்லாததை எடுத்து வைப்பார்.

ஏற்கெனவே இரைச்சல் இருக்கும் வீடாக இருந்தால் டி.பி.யில் மெயினை இறக்கிவிட்டு ரேடியோவைக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உள்ளே. எம்.சி.பி.யை ஒவ்வொன்றாக ஏற்றினால் எந்த லைன் என்று தெரியும், அந்த லைனில் விளக்கு விளக்காக அணைத்தால் ஆள் சிக்கிவிடும். பல்பு என்று நினைத்துத் தேடினால் செல்போன் சார்ஜரோ, எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரோ, இன்வெர்ட்டரோ கிடைப்பதும் உண்டு. மெயினை இறக்கி, இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்தும் நிற்கவில்லையென்றால் பக்கத்து வீடு அல்லது தெருக் கம்பம். இந்தக் கடற்கரையில் இன்சுலேட்டரில் உப்புப் படிந்து லேசாகப் பொறி விடும். அந்தச் சத்தம் எல்.இ.டி. சத்தத்திலிருந்து வேறாக, சடசடவென்று இருக்கும், மழை பெய்து கழுவிவிட்டால் குறையும். அதை மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும், கம்பத்தில் நீங்கள் ஏறக்கூடாது. வீட்டுக்குள்ளும் உப்புக்காற்று விடுவதில்லை. பித்தளை ஹோல்டரின் பின் பச்சையேறித் தளர்ந்துபோனால் அங்கேயும் பொறிதான். ஹோல்டரை மாற்றுங்கள், பல்பும் நீடிக்கும்.

வயரிங்கில் இரண்டு பழக்கத்தை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒன்று, மாடிப்படி டூ-வே லைனில் ஃபேஸை ஒரு பைப்பில் கொண்டுபோய், நியூட்ரலைப் பக்கத்து அறையிலிருந்து எடுத்துக்கொள்வது. ஃபேஸும் நியூட்ரலும் ஒரே பைப்பில் சேர்ந்து போனால் ஒன்றின் சத்தத்தை மற்றொன்று பெரும்பாலும் அழித்துவிடும். பிரிந்து போனால் நடுவில் ஒரு பெரிய வளையம் உண்டாகி, அது நல்ல ஏரியலாக வேலை செய்யும். இரவல் நியூட்ரலால் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுவதும், அடுத்து வேலை செய்பவருக்கு ஷாக் அடிப்பதும் உங்களுக்கே தெரியும். இரண்டாவது, வெளியில் போடும் உலோக உடம்பு ஃபிளட் லைட்டில் பச்சை வயரை வெட்டிவிட்டு இரண்டு வயரில் மாட்டுவது. அதற்குள் இருக்கும் ஃபில்டர் சத்தத்தை எர்த்துக்குத்தான் இறக்குகிறது. எர்த் இல்லாவிட்டால் ஃபில்டர் பாதி செத்தது, உடம்பிலும் கரண்ட் நிற்கும். உப்பும் ஈரமுமான மண்ணில் அது ஆளைக் கொல்லும் வேலை.

கிளிப் மாதிரி மாட்டும் ஃபெரைட் வளையம் கிடைக்கிறது. விளக்குக்குப் பக்கத்தில் வயரை அதில் நாலைந்து சுற்றுச் சுற்றினால் ஷார்ட் வேவிலும் வி.எச்.எஃப்.-இலும் நல்ல பலன் உண்டு. மீடியம் வேவுக்கு அவ்வளவாக உதவாது. அங்கே பல்பை மாற்றுவதே வழி. டிரைவர் சில்லோடு சேர்ந்தே வரும் டி.ஓ.பி. பல்புகளில் பெரும்பாலும் வெட்டும் வேலை இல்லாததால் ரேடியோவுக்குத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் சூடு அதிகம், சிலவற்றில் கண் சிமிட்டல் உண்டு. வராந்தாவுக்கும் குளியலறைக்கும் சரி, குழந்தைகள் படிக்கும் மேசைக்கு வேண்டாம்.

டிசம்பரில் இந்தத் தீவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நட்சத்திரம் தொங்கும், மாமரம் முழுக்க சீரியல் செட் ஓடும். எனக்கும் அந்த அழகு பிடிக்கும். மின்னி மின்னி எரிய வைக்கும் அந்தச் சின்ன கன்ட்ரோல் பெட்டிதான் தெருவிலேயே அதிகம் கத்துவது. சும்மா எரியும் செட்டைப் போடச் சொல்லுங்கள். மின்னியே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், ராத்திரி படுக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.

படகு வேலை கிடைப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. முனம்பத்திலும் காளமுக்கிலும் பழைய விளக்கைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடச் சொல்லி உங்களைக் கூப்பிடுகிறார்கள். படகில் விளக்குக்கும் வி.எச்.எஃப். ஏரியலுக்கும் நடுவே சில அடிதான் தூரம். 2018 ஆகஸ்ட்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றியே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. எல்.இ.டி. விளக்குகள் எரியும்போது வி.எச்.எஃப். பேச்சும், கப்பல் இருக்குமிடத்தைச் சொல்லும் ஏ.ஐ.எஸ். கருவியும் கெடுகின்றன என்று பல கப்பல்களிலிருந்து புகார் வந்திருந்தது. மீட்பு மையம் கூப்பிட்டும் கேட்காத கப்பலும் அவற்றில் உண்டு. அவர்கள் சொன்ன சோதனைக்குக் கருவியே வேண்டாம். எல்லா விளக்கையும் அணையுங்கள். வி.எச்.எஃப். செட்டில் பேச்சு இல்லாத ஒரு சானலை வையுங்கள். ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் கேட்கும் வரை திருப்பி, பிறகு இரைச்சல் சரியாக அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது புது விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிடுங்கள். எந்த விளக்குக்கு செட் கத்துகிறதோ அந்த விளக்கைக் கழற்றுங்கள், அல்லது ஏரியலிலிருந்து தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். செட் வாயைத் திறக்காவிட்டாலும், ஏரியல் பக்கத்து விளக்கை மட்டும் இன்னொரு முறை அணைத்து எரித்துச் சோதியுங்கள். 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் 16-ஆம் சானலில்தான் படகின் ஆட்கள் உதவி கேட்டுக் கூப்பிடுவார்கள். இந்தச் சோதனையை ஓட்டுநர் கண்முன்னால் செய்து காட்டிவிட்டுக் கூலி வாங்குங்கள்.

சோதிக்க ரேடியோ இல்லையென்றால் என் கடைக்கு வாருங்கள். பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்க வராதவர்களின் ரேடியோக்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. எல்லாம் நன்றாகப் பாடுகின்றன. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம்.

அன்புடன்,
வைப்பின் ரேடியோக்காரன்